மூலநிரலுக்குள் போவதும் திரும்பி வருவதும்

வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த நிரலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறர் எழுதிய மூலநிரலுக்குள் வழி தவறாமல் நடமாடத் தெரிந்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. நாகர்கோவிலில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் பராமரிப்பு செய்துவரும் எனக்கு, எழுதும் வரிகளைவிட வாசிக்கும் வரிகள் பல மடங்கு அதிகம். ஆகவே எடிட்டரில், அதாவது நிரலைத் திறந்து எழுதும் மென்பொருளில், ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு எப்படிப் போகிறோம் என்பதை அன்றாடத் தொழிலின் மையமான கேள்வியாகவே கருதுகிறேன். ஒவ்வொரு கருவியும் நிரலைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கேட்கும் கேள்விக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் வழியையும் எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எந்த எடிட்டரிலும் வேலை நடக்கும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வது நல்லது. குலசேகரம், அருமனை பக்கங்களில் ரப்பர் பால் வாங்கும் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை நாங்கள் பராமரிக்கிறோம். தோட்டத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி நீர் என்பதால், பாலின் எடைக்கு விலை போடுவதில்லை. அதில் எத்தனை சதவீதம் உலர் ரப்பர் இருக்கிறது என்று பார்த்து, அந்த எடைக்கே விலை போடுவார்கள். அந்தச் சதவீதத்தை இங்கே எல்லோரும் டிஆர்சி என்கிறார்கள். 47.5 கிலோ பாலில் டிஆர்சி 36.7 என்றால் உலர் எடை 17.4325 கிலோ. மென்பொருளின் கணக்கீட்டுப் பகுதி சி மொழியிலும், திரைகளும் அறிக்கைகளும் பைத்தானிலும், தரவுத்தள வினவல்கள் எஸ்கியூஎல்லிலும் இருக்கின்றன. காலப்போக்கில் பலர் கைபட்ட நிரல் அது.

வியாபாரி ஒருவர் வந்து, கிலோ 200 ரூபாய் விலையில் தன் கால்குலேட்டர் 3486.50 ரூபாய் காட்டுகிறது, உங்கள் ரசீது 3480 காட்டுகிறது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த நிலையில் கோப்புறையைத் திறந்து, பெயரைப் பார்த்து ஒரு கோப்பை ஊகித்து, மேலிருந்து கீழாக உருட்டத் தொடங்குவார்கள். ஆனால் கையில் உறுதியான சான்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ரசீதில் ‘கொள்முதல் தொகை’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தச் சொற்கள் நிரலில் எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். திரையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலிருந்து தொடங்குவதே எப்போதும் குறுகிய வழி.

அதற்கு உரைத் தேடல் வேண்டும். கென் தாம்சன் 1973 வாக்கில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய கிரெப் இன்றும் இந்த வேலையைச் செய்கிறது. ஆண்ட்ரூ காலண்ட் 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப் அதே வேலையை மிக விரைவாகச் செய்கிறது, மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோடின் தேடல் பெட்டிக்குப் பின்னால் இயங்குவதும் அதுதான். ரிப்கிரெப்பைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது. நிரலின் மாற்ற வரலாற்றைப் பேணும் கிட் கருவி புறக்கணிக்கும் கோப்புகளையும், மறைந்த கோப்புகளையும், உரையல்லாத கோப்புகளையும் அது தானாகவே விட்டுவிடும். பெரும்பாலும் இது நன்மைதான். ஆனால் தேடும் வரி, கட்டமைக்கும்போது தானாக உருவாகும் கோப்பில் இருந்தால், ‘எங்கும் இல்லை’ என்ற விடை பொய்யாகிவிடும். ஒன்றுமே கிடைக்காதபோது, எதையும் புறக்கணிக்காதே என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடியும் ஒரு முறை தேடிவிட்டுத்தான் அந்த விடையை நம்ப வேண்டும்.

தமிழ் இடைமுகம் உள்ள மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. அதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் போதிய அளவு சொல்வதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘கொள்முதல்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், யூனிகோடு விதிப்படி இரண்டும் சமமானவையும்கூட. ஆனால் கிரெப்பும் ரிப்கிரெப்பும் அந்தச் சமன்பாட்டைப் பார்ப்பதில்லை, குறிகளை அப்படியே ஒப்பிடுகின்றன. மொழிபெயர்ப்புக் கோப்பைத் தட்டச்சு செய்தவரின் விசைப்பலகை ஒரு விதமாகவும் நம்முடையது வேறு விதமாகவும் இருந்தால், கண்முன்னே இருக்கும் சொல்லைக் கணினி இல்லை என்று சொல்லும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். மொழிபெயர்ப்புக் கோப்புகள் அனைத்தையும் ஒரே முறை யூனிகோடின் இயல்வடிவத்துக்கு மாற்றி வைத்துவிடுவது நிலையான தீர்வு. அது நடக்கும்வரை, இந்தக் குறிகள் வராத துண்டாகத் தேடுவது கைகொடுக்கும்: ‘முதல்’ என்று மட்டும் தேடினால் போதும்.

ஒலிபெயர்த்த பெயர்களிலும் இதற்கு நிகரான சிக்கல் உண்டு. உறைந்து ஒட்டிய ரப்பரான ஒட்டுப்பாலின் கணக்குக்கான மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை) ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒரு ‘பி’ (p) போட்டு எழுதியிருப்பார், மற்றவர் இரண்டு போட்டிருப்பார்; கடைசி அசையில் ‘ஏ’ ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். தேடும் வடிவத்தைச் சொல்லும் தேடல் கோவையில் அந்த எழுத்துகளுக்குப் பின் கூட்டல் குறி சேர்த்தால், ‘ஒன்றோ அதற்கு மேலோ’ என்ற பொருளில் எல்லா வடிவங்களும் அகப்படும்.

உரைத் தேடல் நம்மை மொழிபெயர்ப்புக் கோப்புக்கும், அங்கிருந்து அந்தச் சொல்லைக் காட்டும் பைத்தான் செயற்கூறுக்கும் (ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல் துண்டு), பிறகு அது அழைக்கும் சி செயற்கூறின் பெயருக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடும். இனி வேண்டியது அந்தப் பெயரின் வரையறை. இதையும் உரையாகத் தேடினால், அழைக்கும் இடங்கள், கருத்துரைகள், அறிவிப்புகள் எல்லாம் கலந்து வரும். இங்கேதான் வரையறைகளைப் பட்டியலிடும் சிடேக்ஸ் என்ற கருவி பயன்படுகிறது. பிஎஸ்டி யூனிக்ஸுக்காக முதலில் இதை எழுதியவர் கென் அர்னால்ட். பிறகு டேரன் ஹீபர்ட் எழுதிய எக்ஸூபரன்ட் சிடேக்ஸ் பல மொழிகளுக்கு விரிந்தது. அதன் கடைசி வெளியீடு 2009-இல் வந்ததோடு நின்றுபோக, யுனிவர்சல் சிடேக்ஸ் அந்த வேலையைத் தொடர்கிறது.

இது இயங்கும் விதத்தை அறிந்துகொண்டால் அதன் வரம்பும் விளங்கிவிடும். சிடேக்ஸ் எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை வாசித்து, பெயர், கோப்பு, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு தேடல் கோவை என்று வரிக்கு ஒன்றாக எழுதி, அகரவரிசைப்படுத்திய ஒரு சாதாரண உரைக் கோப்பைத் தருகிறது. இதுதான் டேக்ஸ் கோப்பு, அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு டேக். வரிசையாக இருப்பதால் எடிட்டர் பாதி பாதியாகப் பிரித்துத் தேடி நொடியில் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் வரி எண்ணுக்குப் பதிலாக அந்த வரியின் உரையே பதிவாகியிருப்பதால், மேலே நான்கு வரிகள் சேர்த்த பிறகும் தாவல் சரியான இடத்தில்தான் விழும். அதே சமயம், இது பெயரை மட்டுமே அறியும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகளில் இரண்டு செயற்கூறுகள் இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு உரியது எது என்று அதற்குத் தெரியாது; பட்டியலைக் காட்டி உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். விம் எடிட்டரில் பெயரின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோலுடன் மூடும் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் வரையறைக்குப் போகும். விஎஸ் கோடில் மொழிச் சேவையகத்தின் (நிரலின் பொருளை அறிந்து எடிட்டருக்கு விடை சொல்லும் பின்னணி நிரல்) துணையோடு எஃப்12 விசையும், ஈமாக்ஸ் எடிட்டரில் மெட்டா (பெரும்பாலும் ஆல்ட்) விசையுடன் முற்றுப்புள்ளியும் இந்த வேலைக்கானவை.

இவ்வளவும் அநேகமாக எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். திரும்பி வருவதைத்தான் கற்பதில்லை. எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் வரையறைக்குத் தாவி, அங்கிருந்து இன்னொரு வரையறைக்குத் தாவி, நான்காவது தாவலில் தாம் எதைத் தேடி வந்தோம் என்பதையே தொலைத்துவிட்டு, கோப்புப் பட்டியலிலிருந்து மறுபடி தொடங்குவதைப் பார்க்கிறேன். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைப்பது எப்படியோ அப்படியே வாசிப்பவரின் மனமும் ஒரு கேள்வியை நிறுத்திவைத்து மற்றொரு கேள்விக்குள் போகிறது. உள்கேள்விக்கு விடை கிடைத்ததும் நிறுத்திவைத்த இடத்துக்கு வராவிட்டால் அந்த விடையால் பயனில்லை. விம் இதற்காகவே ஓர் அடுக்கைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு டேக் தாவலும் அதில் ஏறும், கண்ட்ரோல்-டி (Ctrl-T) அழுத்தினால் கடைசியாக ஏறியது இறங்கும். எத்தனை ஆழம் போயிருந்தாலும், போன வழியே படிப்படியாகத் திரும்பிவிடலாம்.

இதிலிருந்து வேறுபட்டது தாவல் பட்டியல். தேடல், கோப்பின் இறுதிக்குப் போதல், குறியிட்ட இடத்துக்குப் போதல் என எல்லா நெடுந்தாவல்களையும் விம் பதிந்துவைக்கிறது. சாளரம் ஒன்றுக்கு 100 இடங்கள்வரை நினைவில் நிற்கும். கண்ட்ரோல்-ஓ பின்னோக்கியும் கண்ட்ரோல்-ஐ முன்னோக்கியும் அந்தப் பட்டியலில் நகர்த்தும். அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாக நகர்ந்தவை இதில் ஏறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உருட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத் திரும்பும் வழி இல்லாமல் போவதன் காரணம் இதுதான். விண்டோஸில் இயங்கும் விஎஸ் கோடில் ஆல்ட்டும் இடது அம்பும், ஈமாக்ஸில் மெட்டாவும் காற்புள்ளியும் திரும்புவதற்கானவை. எந்த எடிட்டரைக் கற்றாலும், வரையறைக்குப் போகும் விசையைக் கற்கிற அன்றே திரும்பும் விசையையும் விரல்களுக்குப் பழக்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

போகாமலே பார்ப்பதும் ஒரு வழி. விஎஸ் கோடில் ஆல்ட்-எஃப்12 அழுத்தினால் வரையறை நிற்கும் இடத்திலேயே ஒரு சிறு பெட்டிக்குள் விரியும். விம்மில் கண்ட்ரோல்-டபிள்யூ அழுத்தியபின் மூடும் நெளிவு அடைப்புக்குறியை அழுத்தினால் முன்னோட்டச் சாளரத்தில் தோன்றும். ‘இந்தச் செயற்கூறு எத்தனை உள்ளீடுகள் வாங்குகிறது’ என்பது போன்ற சிறு கேள்விக்கு இடத்தைவிட்டு நகர வேண்டியதே இல்லை.

நாள் முழுவதும் மறுபடி மறுபடி வர வேண்டிய சில இடங்கள் எந்தப் பிழைத் தேடலிலும் உண்டு. எங்கள் எடுத்துக்காட்டில் உலர் எடையைக் கணக்கிடும் செயற்கூறு அப்படிப்பட்டது. விம்மில் எம் விசையை அழுத்தி ஒரு பெரிய எழுத்தைத் தட்டினால், அந்த இடம் அந்த எழுத்தின் பெயரில் பதிவாகும். வேறு எந்தக் கோப்பிலிருந்தும் ஒற்றை மேற்கோள் குறியையும் அந்த எழுத்தையும் தட்டி அங்கே வந்துவிடலாம், எடிட்டரை மூடித் திறந்தாலும் அது அழிவதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் வேலை நடுவே மின்சாரம் போவது புதிதன்று. மாலையில் எடிட்டரை ஒழுங்காக மூடும்போது எழுதப்படும் இந்தக் குறிகள், மறுநாள் முதல் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

ஒரு கோப்புக்குள்ளேயே நகர்வதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விம்மில் நட்சத்திரக் குறி கர்சருக்குக் கீழிருக்கும் சொல்லின் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும். சதவீதக் குறி அடைப்புக்குறியின் இணைக்குப் போகும். விஎஸ் கோடில் கண்ட்ரோல்-பி (Ctrl-P) பெட்டியில் அட் குறியிட்டால் அந்தக் கோப்பின் செயற்கூறுகள் பட்டியலாகும். இவற்றை ஒரு வாரம் வேண்டுமென்றே பயன்படுத்தினால் பிறகு தானாக வரும்.

உலர் எடைச் செயற்கூறுக்கு வந்துவிட்டோம். அங்கே ஒரு மாறி, எத்தனை தசம இடம் வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது 1 என்றிருந்தால் 17.4325 என்பது 17.4 ஆகிவிடும், ரசீதில் 3480 வரும். கேள்வி இப்போது மாறுகிறது. அந்த மாறி எங்கே வரையறுக்கப்பட்டது என்பது எனக்கு முக்கியமில்லை. அதற்கு மதிப்பு கொடுப்பது எந்தெந்த இடம் என்பதுதான் வேண்டும். சி நிரல்களுக்கு இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கக்கூடிய பழைய கருவி சிஸ்கோப். 1980-களில் பெல் ஆய்வகத்தில் ஜோ ஸ்டெஃபன் எழுதியது, 2000-இல் திறமூலமாக வெளிவந்தது. ஒரு செயற்கூறை அழைப்பவை எவை, அது அழைப்பவை எவை, பொது அறிவிப்புகள் அடங்கிய ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் கோப்புகள் எவை, ஒரு மாறிக்கு மதிப்பு தரும் இடங்கள் எவை என்று தனித்தனி வினாக்களாகவே அதன் திரை அமைந்திருக்கும். மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்ட லினக்ஸ் கருநிரலின் (கெர்னல்) கட்டமைப்புக் கோப்பில் டேக்ஸ், சிஸ்கோப் இரண்டையும் உருவாக்கும் தனி இலக்குகள் இன்றும் இருக்கின்றன.

மொழிச் சேவையகங்கள் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகியவை சேர்ந்து அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை உண்மையிலேயே பெரிய மாற்றம். அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆதரவு எழுத வேண்டியிருந்தது. இப்போது மொழிக்கு ஒரு சேவையகம் எழுதினால் எல்லா எடிட்டர்களும் அதனோடு பேசலாம். விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம் 2021-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து இதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மொழிமாற்றி (கம்பைலர்) புரிந்துகொள்வதைப் போலவே சேவையகமும் நிரலைப் புரிந்துகொள்வதால், ஒரே பெயர் பத்து இடத்தில் இருந்தாலும் இந்த இடத்துக்கு உரியது எதுவென்று சரியாகச் சொல்லும். பயன்படும் இடங்களைக் கேட்டால், கருத்துரையில் தற்செயலாக வந்த சொல்லைச் சேர்க்காது.

ஆனால் அதற்குத் தெரியாதவை எங்கள் மென்பொருளிலேயே இருக்கின்றன. உலர் எடை சேமிக்கப்படும் தரவுத்தள நெடுவரிசையின் பெயர், பைத்தானுக்குள் மேற்கோள் குறிகளிடையே ஒரு சரமாகத்தான் இருக்கிறது. அறிக்கை வார்ப்புருவில் அதே பெயர் வேறு கோப்பு வகையில் இருக்கிறது. பைத்தான் சேவையகத்தைப் பொறுத்தவரை இவை வெறும் எழுத்துகள். சேவையகத்தின் பட்டியலை முழுமையானதென்று நம்பி நெடுவரிசையின் பெயரை மாற்றினால், அறிக்கை ஓடும் நாளில்தான் விளைவு தெரியும். சி பகுதியிலும், அந்த மொழிக்கான கிளாங்டி சேவையகத்துக்கு ஒவ்வொரு கோப்பும் எந்த விருப்பங்களோடு மொழிமாற்றப்படுகிறது என்ற பட்டியல் வேண்டும். நிரலைக் கட்டமைக்க உதவும் சிமேக் கருவி அதை உருவாக்கித் தரும். அந்தப் பட்டியல் இல்லாமல் இயக்கிவிட்டு, தலைப்புக் கோப்பே கிடைக்கவில்லை என்று அது சிவப்புக் கோடு போடுவதைப் பார்த்துச் சலித்து, கருவியையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் வழக்கம் இது: ‘இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது’ என்ற கேள்வியைச் சேவையகத்திடம் கேட்பேன். ‘இந்தப் பெயர் வேறெங்கும் வருகிறதா’ என்ற கேள்வியை, முக்கியமாக எதையாவது அழிப்பதற்கும் மாற்றுவதற்கும் முன்னால், ரிப்கிரெப்பிடம் கேட்பேன். இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் நான் கவனமாக வாசிக்க வேண்டிய வரிகளின் பட்டியல்.

தசம இடம் 1 என்று வைத்தது ஏன் என்பதற்கு இன்றைய நிரலில் விடை இருக்காது. அது காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டிய தாவல். கிட்டின் லாக் கட்டளையில் பெரிய ‘எல்’ விருப்பத்தோடு செயற்கூறின் பெயரையும் கோப்பையும் கொடுத்தால், அந்தச் செயற்கூறு மட்டும் மாறிய வரலாறு முழுவதும் வரிசையாக வரும். பெரிய ‘எஸ்’ விருப்பத்தோடு ஒரு சரத்தைக் கொடுத்தால், அந்தச் சரம் நுழைந்த மாற்றத்தையும் நீங்கிய மாற்றத்தையும் காட்டும். எடைத் தராசு ஒரு தசம இடம் மட்டுமே காட்டிய காலத்தில் எழுதிய வரியா, வியாபாரிகளே கேட்டுக்கொண்ட வழக்கமா என்று தெரிந்த பிறகுதான் அதில் கைவைக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்களில் பலர், பிறகு திருவனந்தபுரத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் உள்ள நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அங்கே முதல் நாளே அவர்கள் கையில் பெரிய நிரல்தொகுதி ஒன்று வந்து சேரும். படிக்கும் காலத்தில் அவர்களிடம் இருப்பதோ பெரும்பாலும் நினைவகம் குறைந்த மடிக்கணினி. பெரிய தொகுதியில் மொழிச் சேவையகத்தை இயக்கினால் கணினி திணறும். அவர்களுக்கு விம்மும் சிடேக்ஸும் ரிப்கிரெப்பும் போதும் என்றே சொல்கிறேன். பிராம் மூலேனார் 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் மறையும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேணிவந்த அந்த எடிட்டர், பழைய கணினியிலும் தடையின்றி இயங்கும். அவர் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

டேக்ஸ் கோப்பு பழையதாகிவிடுவதுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள ஒரே தொல்லை. அதை நினைவில் வைத்துக் கையால் புதுப்பிக்கத் தேவையில்லை. கிட்டின் ஹூக்ஸ் கோப்புறையில், மாற்றத்தைப் பதிந்த பின்பும் கிளை மாறிய பின்பும் இயங்கும் இரண்டு சிறு கோப்புகளை வைத்து, ஒவ்வொன்றிலும் சிடேக்ஸைப் பின்னணியில் ஓடவிடும் ஒரே வரியை எழுதினால் போதும். உருவாகும் டேக்ஸ் கோப்பின் பெயரைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அது மற்றவர்களின் களஞ்சியத்துக்குள் போகாது, ரிப்கிரெப்பின் விடைகளிலும் குறுக்கிடாது.